தேனீ செத்ததற்கு வாழை என்ன செய்யும்?

வாசகர் கேள்வி – பதில்
(தமிழக–கேரள எல்லையிலுள்ள பனச்சமூட்டில் தேனீ வளர்ப்பவரும் நாற்பது ஆண்டு ஞாயிறுப்பள்ளி ஆசிரியருமான நம் பத்தியாளர், இந்த மாதம் வந்த மூன்று கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. இப்போது விடியற்காலம் தலையில் லைட் கட்டிக்கொண்டு நான்தான் வெட்டுக்குப் போகிறேன். எங்கள் ஜெபக்குழுவில் "அழுதால் அவிசுவாசம், துதித்தால் எழும்புவார்" என்கிறார்கள். நானும் ஒரு நாளைக்கு நூறு ஸ்தோத்திரம் எண்ணிச் சொல்கிறேன். வாய் சொல்கிறது, நெஞ்சு கல்லாகக் கிடக்கிறது. மகள் கல்யாணத்தன்று கேட்காமலே துதி வந்தது. இப்போது சொல்வது பொய்சாட்சி மாதிரி இருக்கிறது. நான் கடவுளை ஏமாற்றுகிறேனா?
- பெயர் வேண்டாம், வெள்ளறடை

மகளே, உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீ யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றுகிறவள் இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதமாட்டாள்.

இனி, உன் ஜெபக்குழு சொன்னதைப் பார்ப்போம். சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெய மொழியில் 'தெஹில்லீம்' என்று பெயர். 'துதிகள்' என்று அர்த்தம். இப்படிப் பெயர் வைத்த புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு போலப் புலம்பல்தான். 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் தொடங்குகிறது. ஆறே வசனம். கடைசியில் பாடுவேன் என்று முடிகிறது. ஓகோ, எல்லாப் புலம்பலும் இப்படிப் பாட்டில்தான் முடியும்போல என்று நினைத்துவிடாதே. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை திரும்பவே இல்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. இருந்தும் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் அதை வெளியே எடுத்துப் போடவில்லை. துதிகளுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறார்கள். அழுதால் அவிசுவாசம் என்றால் அந்த மனுஷனை முதலில் சபையை விட்டு நீக்கவேண்டும்.

யோபுவையும் நம் ஆட்கள் பாதிதான் வாசிக்கிறார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." துக்க வீட்டில் இது கேட்காத நாள் கிடையாது. அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்கப்புறம் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறான். பக்கத்தில் இருந்த சிநேகிதர்கள்தான் அழகழகான பக்தி வார்த்தை பேசினார்கள். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கடவுள் யாரைக் கடிந்துகொண்டார்? சிநேகிதர்களை. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை" என்று. எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமும் வரும். இப்படிப் பதில் எழுதுகிற நானும் அந்தச் சிநேகிதர்கள் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

யோபு கதைக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நட்டாலம் உனக்கும் எனக்கும் தூரமில்லை. அங்கே 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் ஆடுமாடும் சொத்தும் நஷ்டமாகி மனம் நொந்திருந்த நேரத்தில் டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டி லனாய் என்பவர் அவருக்கு யோபு கதையைச் சொன்னார். யார் இந்த டி லனாய்? 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர். அப்புறம் அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, ஊருக்குத் திரும்பாமலே இங்கே செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் கிடக்கிறார். அதாவது, எல்லாவற்றையும் இழந்தவன் கதையை, நாட்டையே இழந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கேட்டவர் காதில் ஏறியது என்பது என் எண்ணம். வட்டிக்குக் கொடுத்துச் சுகமாக இருக்கிறவன் வந்து யோபு கதை சொல்லியிருந்தால் பிள்ளைவாள் வாசலோடு அனுப்பியிருப்பார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு, யோபுவுக்குக் கடைசியில் ஆனதுபோல, அவர் மாடு இரட்டிப்பாகவில்லை, மகளே. விலங்கு மாட்டினார்கள், ஊர் ஊராக இழுத்தார்கள், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது எங்கள் பகுதியில் வெடி போட்டார்கள். அவர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், இருந்தாலும் அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது. துதித்தால் எழும்புவார் என்கிற கணக்கு அவர் விஷயத்தில் எங்கே போய் நிற்கும் என்று உன் ஜெபக்குழுவிடம் கேட்டுப்பார். வேண்டாம், கேட்காதே. உனக்கு இப்போது சண்டை போடத் தெம்பு இருக்காது.

என் கதைக்கு வருகிறேன். தேன்காரன் என்று தெரிந்து பாதிப் பேர் தேனைப் பற்றித்தான் கேள்வி அனுப்புகிறார்கள், அதையெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம். இது கேட்காமல் சொல்வது.

எங்களுக்குத் தேன் காலம் பூவை வைத்து வருவதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்து, தை பிறந்த பிறகு புது இலை விடும். மூன்று இலையும் சேருகிற அந்தக் கணுவில் தேன் கசியும். கைவிரலால் தொட்டால் ஒட்டும். தோட்டத்துக்குள் நின்றால் தலைக்கு மேலே மழை வருகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும், அத்தனையும் தேனீ. 1992-இல் என்னிடம் 60 பெட்டி இருந்தது. அந்த வருடம் தெற்கே முழுக்கப் பரவியது தேனீப்புழுவைக் கொல்லும் நோய், சாக்புரூட் என்று பெயர். ஒரு நாள் காலையில் பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மூடியிருக்கவேண்டிய அறைகள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு அறையிலும் புழு தலையை மேலே தூக்கியபடி அசையாமல் இருந்தது. ஊசியால் ஒன்றை எடுத்தேன், தண்ணீர் நிறைந்த பை மாதிரித் தொங்கியது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. மழைக்காலம் முடிந்தபோது மூன்று மிச்சம். எங்கள் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பெட்டிக்கு மேல் போய்விட்டது.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு நான் போகவில்லை. வருடா வருடம் முதல் எடுப்புத் தேனில் இரண்டு பாட்டில் எடுத்து வைத்து, பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய் ஏலம் விடக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். என் பாட்டிலுக்குத்தான் ஏலம் ஏறும். அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கொல்லையில் போய் ஒரு மட்டி வாழைக் குலையை வெட்டி, நல்ல சீப்பு ஒன்றைத் துணியில் பொதிந்து எடுத்தாள்.

"எதுக்குக் கொண்டு போற? எல்லாம் போன வருசத்துல ஸ்தோத்திரக் காணிக்கையா?" என்றேன்.

"வாழ காய்ச்சிருக்கு. தேனீ செத்ததுக்கு வாழ என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

நாற்பது ஆண்டு ஞாயிறுப்பள்ளியில் நான் கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இன்னொரு தட்டில் வைத்தால் எது தாழும் என்று எனக்குத் தெரியும். அவள் தேனீ செத்ததற்கு நன்றி சொல்லவில்லை. செத்தது நல்லதுக்குத்தான் என்றும் சொல்லவில்லை. ராத்திரி அடுக்களையில் அவள் அழுத சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். காலி டப்பாவைப் பார்த்துப் பார்த்து அழுதவள்தான் வாழைக்காக நன்றி கொண்டுபோனாள். அழுகையையும் நன்றியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள அவளுக்கு இடைஞ்சல் இருக்கவில்லை.

பைபிள் தெரிந்தவர்கள் இங்கே என்னைப் பிடிப்பார்கள். தெசலோனிக்கேயருக்கு "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று இருக்கிறது, சரி. எபேசியர் 5:20-இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றல்லவா இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. அந்த வசனத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் அதை என் வீட்டுக் கட்டிலைப் பார்த்து நான் சொல்லலாம், உன் வீட்டுக்காரர் கிடக்கிற கட்டிலைப் பார்த்து நான் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் என் பதில்.

பிறகு அந்த மூன்று பெட்டியிலிருந்து கூட்டம் பிரித்துப் பிரித்து நாற்பது வரை கொண்டுவந்தேன். இதை நான் சபையில் சாட்சியாகச் சொல்வதில்லை. ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை, அவர் தேன் தொழிலையே விட்டுவிட்டுப் பால் வெட்டுக்குப் போனார். அவர் என்னைவிடக் குறைவாகத் துதித்தவர் இல்லை.

இனி நீ செய்யக்கூடியது. நூறு எண்ணுவதை நிறுத்து. எண்ணிக்கை வந்துவிட்டால் அது சம்பளக் கணக்கு மாதிரி ஆகிவிடும், "நூறு சொன்னேனே, ஏன் எழும்பவில்லை" என்று மனசு கேட்கும். வாழைச்சீப்பு மாதிரி அன்றைக்குக் கண்ணில் படுகிற ஒன்று இருந்தால், அதற்கு மட்டும் சொல். உன் வீட்டுக்காரர் கஞ்சியைச் சிந்தாமல் குடித்தார், அதற்கு. விடியற்காலம் மழை பெய்யாமல் இருந்தது, சிரட்டையில் பால் நிறைந்தது, அதற்கு. ஒன்றும் கிடைக்காத நாளில் ஒன்றும் சொல்லாதே. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை வாசித்துவிட்டுப் படு, அதுவும் துதிப் புத்தகத்தில் உள்ளதுதான்.

கோவிலில் பாட்டு வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு நில். 1992-இல் நான் பல மாதம் அப்படி நின்றேன். என் பக்கத்தில் ஒரு பாட்டி, பல் ஒன்றும் இல்லை, சுருதியும் கிடையாது, சத்தம் மட்டும் கோபுரம் வரை. முன்பெல்லாம் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தால் நகர்ந்து உட்காருவேன். அந்த மாதங்களில் அவள் பாட, நான் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என் பங்கையும் அவள் பாடியதாகத்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கடைசியாக, இந்தப் பக்கத்தை உன் ஜெபக்குழுவிடம் கொடு. அவர்களுக்கு ஒரு வரி: சகோதரிகளே, சகோதரர்களே, இந்த வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. காலை நாலு மணிக்கு இரண்டு பேர் கத்தியும் லைட்டுமாக வாருங்கள். ஒருவர் பால் எடுக்க, ஒருவர் ஷீட் அடிக்க. ஒட்டுபால் பறிக்கப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம். அந்த மகள் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். ஸ்தோத்திரத்தை அதற்குப் பிறகு சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லாமல் நானும் மனைவியும் அழுது அழுது ஜெபித்தோம். இப்போது பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம். வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஆனால் ஜெபிக்கவே தோன்றுவதில்லை. கஷ்டத்தில் அவ்வளவு நெருங்கியிருந்தவன் சுகத்தில் இப்படி ஆனது எனக்கே வெட்கமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, ஏழு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் ஜெபம் குறைவதற்கு ஆவிக்குரிய காரணம் தேடவேண்டாம். தூக்கமின்மை போதும்.

இருந்தாலும் நீ கேட்டதில் ஒரு நிஜம் இருக்கிறது. கேட்கிற ஜெபத்துக்கு வார்த்தை தானாக வரும், பசித்த குழந்தைக்கு அழச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கிடைத்த பிறகு பேசத்தான் வார்த்தை இல்லாமல் போகிறது. உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே எச்சரிப்பதும் இதைத்தான். வனாந்தரத்தைவிட, சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கிற நாளைப் பார்த்துத்தான் அவருக்கு அதிகப் பயம். எங்கள் பகுதியில் 2011-இல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. மாடி கட்டாதவன் இல்லை, நானும் ஷீட் உலர்த்த ஒரு புகைப்புரை கட்டினேன். அந்த வருடம் என் வீட்டு ஜெபம் ஐந்து நிமிடமாகச் சுருங்கியது. 2016 தொடக்கத்தில் விலை நூறுக்குக் கீழே போனபோது முக்கால் மணி நேரமாக நீண்டது. பிள்ளைகள் பசியில் நெளிவார்கள். கடவுளுக்கு என்னைப் பார்த்தால் ரப்பர் போர்டு விலைப்பட்டியல் மாதிரித் தெரிந்திருக்கும்.

வெட்கப்படு, கொஞ்சம் படலாம். ஆனால் பயப்படாதே. பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை, "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று இயேசு கேட்டார். அவர்கள் குஷ்டம் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. நன்றி சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம் உன் கடிதத்தின் ஓரத்தில் எனக்குத் தெரிகிறது. அதைத் தூக்கிப் போடு. அந்தப் பயத்தில் சொல்வது கப்பம் கட்டுகிற மாதிரி.

தேன் காலத்தில் எனக்கும் முழங்கால் போட நேரம் இருக்காது. காலை முதல் சட்டத்தை உருவி, மெஷினில் சுற்றி, கையெல்லாம் பிசுபிசுப்பு. நான் செய்வது ஒன்றுதான். அந்த வருடத்தின் முதல் சட்டத்தை எடுத்ததும் விரலில் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைப்பேன், அது தொண்டையில் இறங்கும்வரை வேறு வேலை செய்யமாட்டேன். அதற்குப் பெயர் துதி என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீ மகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போது ஒரு நிமிடம் அவசரப்படாமல் இருந்து பார்.

கேள்வி: நான் களியக்காவிளைக்காரன், மனைவி பாறசாலைக்காரி. வீட்டு ஜெபத்தில் நான் தமிழில் துதிக்க, அவள் மலையாளத்தில் துதிக்க, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போன மாதம் மாமனார் இறந்த பிறகு அவள் தமிழ் ஜெபத்தில் உட்காரவே மறுக்கிறாள். எந்த மொழியில் வைப்பது?
- வாசகர், களியக்காவிளை

1956 நவம்பர் 1-இல் மொழிவாரியாக ராஜ்யங்கள் கோடு கிழித்துக்கொண்டபோதும் 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லைப் பிரிக்க முடியவில்லை, இரண்டு பக்கமும் அதேதான். சந்தோஷ நாளில் யார் எந்த மொழியில் துதித்தாலும் ஓடிவிடும். அப்பா செத்தவளுக்கு அழுகை அப்பா பேசிய மொழியில்தான் வரும். கொஞ்ச நாள் நீங்கள் மலையாளத்தில் உட்காருங்கள், புரியாத அளவுக்கு ஒன்றும் பாறசாலை தூரமில்லை. வார்த்தை தட்டினால் சும்மா இருங்கள். 65-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் தமிழில் 'துதியானது அமைந்து காத்திருக்கிறது' என்று வரும். அந்த இடத்து எபிரெயச் சொல்லுக்கு மௌனம் என்று பொருள். ஆமென் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லி முடித்துவிடுங்கள், பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.